சிந்தாமணியைக் கற்ற இலத்தீன் புலவர்: வீரமாமுனிவர் வரலாறு

ஐவர்மலைக்குச் செல்லும் நம் அன்பர்கள் பலரும் திண்டுக்கல் நகரைக் கடந்தே செல்கின்றனர். பூட்டுக்கும் புகையிலைக்கும் பெயர்பெற்ற அந்நகரில், பாறைக்கோட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பழனிச் சாலையில் பயணத்தைத் தொடர்வது வழக்கம். அதே நகரில் இயேசு சபைத் துறவியர் பயிற்சி பெறும் பெஸ்கி கல்லூரி என்னும் நிலையம் ஒன்று உள்ளது. பெஸ்கி யார் என்று வினவினால், வீரமாமுனிவர் என்ற விடை வரும். தேம்பாவணி பாடியவர் என்றும், பரமார்த்த குரு கதை எழுதியவர் என்றும் பள்ளிப் பாடத்தில் படித்த நினைவும் வரும். ஆயினும் அப்பெரியார் தமிழ் கற்ற வழியில் பெரும்பகுதி நம் சமண ஆசிரியர்கள் வெட்டிய வழி என்பதை நம்மவருள்ளேயே சிலர்தாம் அறிவர். அது கருதியே அவர்தம் வரலாற்றை இவ்விதழில் எழுத முற்பட்டோம்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வட இத்தாலியில், மாந்துவா நாட்டைச் சார்ந்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இலத்தீன் மொழியின் தலைசிறந்த காப்பியப் புலவரான வர்ஜில் பிறந்ததும் மாந்துவாவின் பக்கத்திலேதான். ஆகவே காப்பியம் என்பது அம்மண்ணின் பிள்ளைகளுக்குப் புதிய பொருளன்று. (இதே ஊரில்தான் 1859-இல், சோல்பெரினோப் போரில் காயமுற்றுக் கிடந்தோர்க்குப் பகை நட்பு என்னும் வேறுபாடின்றி ஊரார் தொண்டு செய்தனர், அதைக் கண்ட நெஞ்சத்திலிருந்தே செஞ்சிலுவைச் சங்கம் தோன்றியது. உயிரிரக்கத்தைப் பேரறமாகப் போற்றும் நம்மவர் இதனையும் அறிந்துவைத்தல் நன்று.)

இளமையிலேயே பெஸ்கி 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்தார். அந்நாளில் அச்சபையின் கல்வி முழுவதும் இலத்தீன் மொழியிலேயே நடைபெற்றது. இலக்கணம், செய்யுள், அணி, அளவை நூல், மெய்ப்பொருளியல், இறையியல் என ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆண்டுகள் பயிலல் வேண்டும். மாணவன் இலத்தீனில் படிப்பதோடு நில்லாது, இலத்தீனில் செய்யுள் இயற்றவும் வாதிடவும் வல்லவனாதல் வேண்டும். கிரேக்கமும் எபிரேயமும் பெஸ்கி கற்ற பிற மொழிகள். பொலோஞாவில் இறையியல் பயின்று குருப்பட்டம் பெற்ற பின், மதுரைப் பணித்தளத்திற்குச் செல்லும் விருப்பத்தைத் தெரிவித்து இசைவு பெற்றார். லிஸ்பனிலிருந்து கப்பலேறி 1710-இல் கோவாவை அடைந்தார். 1711-இல் தமிழகத்தில் அடி வைத்தார். அப்போது அவருக்கு அகவை முப்பது. அதன்பின் தாய்நாட்டை அவர் காணவேயில்லை.

அவர் வந்து சேர்ந்த மதுரைப் பணித்தளம் முன்னரே நூறாண்டு கடந்தது. அதனைத் தொடங்கியவர் இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர். 1606-இல் மதுரை வந்த நொபிலி, காவியுடுத்துப் புலால் நீக்கிச் சிவதர்மர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். ஐரோப்பியருள் வடமொழியை ஆழக் கற்ற முதல்வர் என்று அறிஞர் அவரைக் குறிப்பர். தாம் மேற்கொண்ட கோலத்தையும் ஒழுக்கத்தையும் தம் திருச்சபையாரே குறைகூறியபோது, இந்நாட்டு வழக்கங்களை விளக்கி 1613-இல் இலத்தீன் மொழியில் ஒரு நூலே எழுதினார்; 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியாரின் ஆணை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இலத்தீனையும் வடமொழியையும் ஒருசேரக் கையாண்ட அந்த மரபில் வந்தவரே பெஸ்கி. அவரும் வடமொழி கற்றார், தெலுங்கு கற்றார். ஆனால் நொபிலியின் மனம் வடமொழிச் சாத்திரங்களிற் பெரிதும் தோய்ந்தது போல், பெஸ்கியின் மனம் தமிழ்ச் செய்யுளில் தோய்ந்துவிட்டது. அவ்வொரு வேறுபாடே தமிழுக்குப் பெரும் பேறாயிற்று.

தைரியநாதர் என்று முதலில் தம் பெயரைத் தமிழ்ப்படுத்திக்கொண்டார். வீரமாமுனிவர் என்பது பின்னர் நிலைத்த பெயர். அவருடைய ஒழுகலாற்றைப் பற்றி வரலாறு எழுதியோர் கூறுவன பல. புலாலை முற்றும் விலக்கினார், ஒருபொழுது உண்டார், காவியங்கியும் தலைப்பாகையும் அணிந்தார், வெளியே செல்லுங்கால் பல்லக்கில், புலித்தோல் இருக்கையில் அமர்ந்து சென்றார் என்பர். ஒருபொழுதுண்ட துறவிக்குப் பல்லக்கு எதற்கு என்று நம்மவர்க்குத் தோன்றலாம், நமக்கும் தோன்றியதுண்டு. காலால் நடந்து, தரையைப் பார்த்து அடியெடுத்து வைக்கும் முனிவரையே துறவி என்று கண்டு பழகியோம் நாம். அந்நாளைய மடாதிபதிகளின் சிறப்பைக் கண்ட மக்கள், சிறப்பில்லாத குருவை மதியார் என்று அவர்கள் கருதியிருக்கலாம்.

தொடக்க ஆண்டுகளில் அவர் பணியாற்றியது காமநாயக்கன்பட்டி முதலிய தென்பாண்டிச் சிற்றூர்களில். குருக்கள்பட்டியில் இருந்தபோது பகைமை கொண்டோர் சிலர் தூண்டுதலால் சிறைப்பட்டுக் கொலைத் தண்டனைக்கும் ஆளானார். தண்டனை நிறைவேறாமல் உயிர் தப்பினார். அந்த நிகழ்ச்சிக்குப் பின்னரும் ஊர் திரும்பாமல், முன்னிலும் ஊன்றித் தமிழ் கற்கலானார் என்பதே அவர் இயல்பைக் காட்டுவதாகும். பின்னர்க் கொள்ளிடத்தின் வடபால் அரியலூர்ப் பாளையத்தைச் சார்ந்த ஏலாக்குறிச்சியில் பல்லாண்டு தங்கினார். அவ்வூரைத் திருக்காவலூர் என்று அழகுறப் பெயரிட்டு, அதன்மீது கலம்பகமும் பாடினார். அவருடைய பெருநூல்கள் பலவும் உருவான ஆண்டுகள் இவையே.

அவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது நெடுநாளைய செவிவழிச் செய்தி. இவ்விடத்தில் திண்டுக்கல் சீமைக்கு ஒரு தொடர்பு உண்டு. கூளப்ப நாயக்கன் காதல், கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது என்னும் நூல்களைப் பாடியவர் இக்கவிராயரே. பாட்டுடைத் தலைவனான கூளப்ப நாயக்கனோ நிலக்கோட்டைப் பாளையக்காரன். நிலக்கோட்டை இன்று திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர். மல்லிகைக்குப் பெயர்பெற்ற சமவெளி. விறலிவிடு தூது என்பது காமச்சுவை மிக்க நூல்வகை. அத்தகைய நூல் பாடிய கையே துறவி ஒருவர்க்கு யாப்புக் கற்பித்தது என்பது உண்மையாயின், புலமை உலகின் விந்தைகளுள் அதுவும் ஒன்று.

இச்செய்தியை வைத்துக்கொண்டு, தேம்பாவணியைப் பாடியவரே சுப்பிரதீபக் கவிராயர்தாம், அயல்நாட்டார்க்கு இத்துணைச் செந்தமிழ் எப்படி வரும் என்று ஐயங்கிளப்பினோரும் உளர். இவ்வையத்தை நாம் ஏற்பதற்கில்லை. தேம்பாவணி ஒன்றே அவர் பெயரில் இருக்குமாயின் ஐயத்திற்கு ஓரளவு இடமிருக்கும். தமிழ்ச் சொல்லின் நுட்பத்தை இலத்தீனில் விளக்கும் இலக்கணங்களை எந்தக் கவிராயர் எழுதிக் கொடுத்திருக்க முடியும்? திருக்குறளை இலத்தீனிற் பெயர்த்தவர் யார்? ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கலாம். எந்தப் புலவன்தான் அவ்வாறு செய்யவில்லை? சமண நூல்கள் சிலவற்றையும் இவ்வாறே வேறொருவர்க்கு உரிமையாக்கிப் பேசிய காலம் ஒன்று இருந்தது. அத்துன்பத்தை அறிந்த நாம் பிறர் உரிமையை எளிதில் பறிக்கலாகாது.

இனித் தேம்பாவணிக்கு வருவோம். 1726-இல் நிறைவுற்ற இக்காப்பியம் மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையது. இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரே தலைவர். அவரை வளன் என்று பெயரிட்டுப் பாடுகிறார். கதையின் உள்ளீட்டில் பெரும்பகுதி ஆகிர்தா மரியாள் என்னும் இசுபானியத் துறவி எழுதிய நூலிலிருந்து வந்தது. கதை அங்கிருந்து வந்தது; ஆனால் காப்பியத்தின் உடல் எங்கிருந்து வந்தது? இதுதான் நமக்குரிய வினா.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை வீரமாமுனிவர் ஓலைச்சுவடியில் பயின்றார். அக்காலத்தில் அஃது அனைவரும் கற்கும் நூலாக இல்லை. சமணர் இல்லங்களிலும் சில மடங்களிலும் சுவடியாக உறங்கிக் கிடந்தது. தமிழ்நாட்டுப் புலவர் பலர் நூலைப் பெயரளவில் அறிந்திருந்தனர். உள்ளே புகுந்தவர் சிலரே. அத்தகைய நூலை, தமிழ் தாய்மொழியல்லாத ஒருவர் தேடிப் பெற்றுக் கற்றதோடு, தம் செந்தமிழ் இலக்கணத்தில் அதன் செய்யுட்களை எடுத்துக்காட்டாக ஆண்டார். அதன் ஆசிரியரைத் தமிழ்ப் புலவருள் தலைமை சான்றவர் என்று கூறத்தகும் எனவும் ஐரோப்பியர்க்கு இலத்தீனில் எழுதி வைத்தார். தம் சமயத்திற்கு முற்றும் வேறான சமயத்துத் துறவி ஒருவர் பாடிய நூலுக்கு அவர் அளித்த அம்மதிப்பு சிறியதன்று.

தேம்பாவணியின் நாட்டுப்படலத்தையும் நகரப்படலத்தையும் படிக்கும் நம்மவர் யூதேய நாட்டில் நிற்கிறோமா, ஏமாங்கத நாட்டில் நிற்கிறோமா என்று மயங்குவர். மலையில் விழுந்த மழை வெள்ளமாகி, வயலில் நெல்லாகிப் பொலியும் அந்த நாடு யோர்தான் ஆற்றங்கரை நாடு அன்று. காவிரியும் கொள்ளிடமும் பாயும் நாடே. திருத்தக்கதேவர் வடநாட்டுக் கதையைத் தமிழ் மண்ணில் நட்டது போலவே, இவரும் யூத நாட்டுக் கதையைத் தமிழ் மண்ணில் நட்டார். விருத்தப்பாவால் பெருங்காப்பியம் செய்யும் நெறியைத் தமிழுக்குக் காட்டியவர் திருத்தக்கதேவர்; கம்பரும் அந்நெறியில் வந்தவரே. வீரமாமுனிவர் இருவரிடமும் கற்றார்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். சிந்தாமணி மணநூல் எனப்படுவது. சீவகன் எண்மரை மணந்து, அரசாண்டு, எல்லா இன்பமும் துய்த்து, இறுதியில் நிலையாமை உணர்ந்து துறக்கிறான். காமத்தைக் காட்டியே துறவை நாட்டுவது தேவரின் உத்தி. வீரமாமுனிவரின் வளனோ மணம்புரிந்தும் தூய்மை காத்தவர். இன்பச்சுவை வற்றிய இடத்தில் காப்பியத்தின் சுவையைக் காக்கப் பெரும்புலமை வேண்டும். சில படலங்களில் அவர் வென்றார். சில இடங்களில் அறிவுரையின் சுமை பாட்டை அழுத்துகிறது என்பதே நம் கருத்து.

காப்பியத்தில் மட்டுமன்று, இலக்கணத்திலும் அவர் ஆசிரியர் நம்மவரே. அவர் இயற்றிய தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் 370 நூற்பாக்களில் சுருக்கி உரைப்பது. அதன் எழுத்தும் சொல்லும் பவணந்தி முனிவரின் நன்னூலை அடியொற்றியவை. சீயகங்கன் வேண்ட இயற்றப்பெற்ற நன்னூல், அந்நாளில் தமிழ் கற்போர் யாவர்க்கும் கைந்நூலாயிருந்தது. யாப்பு என்று வந்தால் அமிதசாகரரின் காரிகையை ஒதுக்கிவிட்டு யாரும் நடக்க இயலாது. சைவரும் வைணவரும் கிறித்தவரும் சமண முனிவர்களின் ஏட்டை விரித்தே எழுத்தெண்ணக் கற்றனர். இலக்கணத்துக்குச் சமயமில்லை என்பதை நம் முன்னோர் அறிந்தே எழுதினர் போலும்.

எழுத்துச் சீர்திருத்தம் பற்றியும் இங்கே ஒரு சொல். எகர ஒகரக் குறில்கள் மேலே புள்ளி பெறும் என்பது பழைய விதி. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆதலால் எழுதுவோர் புள்ளியை விட்டனர். குறிலும் நெடிலும் ஒன்றாய்த் தோன்றிப் படிப்பவர் இடறினர். நெடிலுக்கு வேறு வடிவம் தந்து, கொம்பை மேலே சுழித்து எழுதும் இன்றைய முறைக்கு வழி செய்தவர் வீரமாமுனிவர் என்பர். இவ்விதழில் நீங்கள் படிக்கும் ஒவ்வோர் ஏகார ஓகாரத்திலும் அவர் கை உள்ளது.

இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணங்கள் இரண்டு சிறப்பாகக் குறிக்கத்தக்கவை. புதிதாக வரும் குருமார்க்குத் தமிழ் தெரியாது, இலத்தீன் தெரியும். ஆகவே இலத்தீனே வாயில். பேச்சுத் தமிழைக் கொடுந்தமிழ் என்று கொண்டு 1728-இல் ஒரு நூலும், செய்யுள் வழக்கைச் செந்தமிழ் என்று கொண்டு 1730-இல் மற்றொரு நூலும் எழுதினார். மக்கள் பேசும் தமிழும் ஒழுங்கும் விதியும் உடையது, தனியே இலக்கணம் எழுதத்தக்கது என்று கண்டது அக்காலத்தில் புதுமை. நம் இலக்கணப் புலவர்கள் வழுவென்று தள்ளியதை அவர் மொழியென்று எடுத்துக்கொண்டார்.

கொடுந்தமிழ் இலக்கணம் அச்சேறிய கதை சுவையானது. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் போதகர்களுக்கும் வீரமாமுனிவர்க்கும் ஓயாத வழக்கு. அவர்களை மறுத்து அவர் எழுதிய நூல்கள் கடுமையானவை. அவர்கள் எழுதியவையும் அவ்வாறே. ஆயினும் 1738-இல் அவருடைய இலத்தீன் இலக்கணத்தை அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி அச்சகந்தான்! வாதத்தில் பகைவர், புலமையில் அவரை விட்டால் அவர்களுக்கும் வேறு வழியில்லை. செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் என்பார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1822-இல் சென்னையில் வெளியிட்டார். அதே 1822-இல் பரமார்த்த குரு கதையும் இலண்டனில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாயிற்று. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தீண்டிப் பார்த்த கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. வருவோர்க்கு எளிய தமிழ் பழக்க எழுதிய பாடநூல் அது. இன்று பாட்டிமார் கதையாகிவிட்டது.

சற்று நின்று பார்க்க வேண்டியது சதுரகராதி. 1732-இல் எழுதப்பெற்ற இந்நூலின் அருமையை அறிய, அதற்கு முன் ஒருவர் ஒரு சொல்லுக்குப் பொருள் காண என்ன செய்தார் என்று அறிதல் வேண்டும். திவாகரம், பிங்கலம், மண்டல புருடர் இயற்றிய சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. தேவப்பெயர் ஒரு தொகுதி, மக்கட்பெயர் ஒரு தொகுதி, விலங்கு ஒரு தொகுதி, மரம் ஒரு தொகுதி என்று அவை பகுக்கப்பட்டிருக்கும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் அவற்றை நெட்டுருச் செய்தனர். மனப்பாடம் உடையவனுக்கு நிகண்டு நாவிலேயே இருக்கும். இல்லாதவன் அறியாச் சொல் ஒன்றைக் கண்டால், அது விலங்கா மரமா என்பது தெரிந்தாலன்றி எத்தொகுதியில் தேடுவது? பொருள் தெரிந்தவனே பொருளைத் தேட முடியும் என்னும் நிலை. சூடாமணியின் பதினோராம் தொகுதி ஒருசொற் பலபொருளை எதுகை வரிசையில் தருவது ஓரளவு உதவியது. 1594-இல் சிதம்பர இரேவண சித்தர் முதலெழுத்து வரிசையில் அகராதி நிகண்டு செய்ததும் ஒரு முன்னேற்றமே. ஆயினும் அதுவும் செய்யுளே.

வீரமாமுனிவர் செய்யுளை நீக்கினார். முதலெழுத்தோடு நில்லாது அடுத்த எழுத்துகளையும் வரிசைப்படுத்தினார். நான்கு பகுதிகளாக நூலை அமைத்தார். பெயரகராதி ஒரு சொல்லின் பல பொருளைத் தந்தது. பொருளகராதி ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தந்தது. தொகையகராதி மூவேந்தர், ஐந்திணை, அறுசுவை போன்ற எண்ணுத் தொகைகளை விரித்தது. தொடையகராதி செய்யுள் செய்வோர்க்கு எதுகைச் சொற்களைத் திரட்டிக் கொடுத்தது. சரக்கெல்லாம் பழைய நிகண்டுகளின் சரக்கு; அடுக்கிய முறை புதியது. மண்டல புருடரின் உழைப்பில் பெரும்பகுதி சதுரகராதியின் உள்ளே இருக்கிறது. நெட்டுரு இல்லாத வறியவனும் அயலானும் தமிழ்ச் சொல்லைத் தானே தேடிக் காண வழி பிறந்தது. சென்னைக் கல்விச் சங்கத்தின் வழியாக 1824-இல் அது முழுமையாக அச்சேறியது. பின் வந்த தமிழ் அகராதிகள் யாவும் இதன் தோள்மேல் ஏறி நின்றவையே.

திருக்குறளுக்கும் அவர் செய்த தொண்டு பெரிது. 1730-இல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனிற் பெயர்த்து விளக்கமும் எழுதினார். இன்பத்துப்பாலைத் தொடவில்லை, துறவி ஒருவர் மொழிபெயர்க்கத் தக்கதன்று எனக் கருதினார் போலும். கொல்லாமையும் புலான்மறுத்தலும் இலத்தீன் மொழியில் ஒலித்தது அதுவே முதன்முறை. விலங்குயிரின்மேல் கருணையை அறத்தின் நடுவே வைத்து ஒரு தமிழ்ப்புலவன் பாடியிருக்கிறான் என்பதை இலத்தீன் கற்ற எவரும் அறியும் வாயில் திறந்தது. அச்சுவடி உடனே பரவவில்லை. நெடுநாள் கையெழுத்தாகவே கிடந்தது. ஜி.யு. போப் 1886-இல் தம் திருக்குறள் ஆங்கிலப் பதிப்பில் அதனைச் சேர்த்த பின்னரே பலர் கண்ணிற் பட்டது.

இடையில் அதன் அருமையறிந்தவர் எல்லிஸ் துரை. சென்னையில் கும்பினியின் உயர் பதவியில் இருந்து தமிழ் கற்ற எல்லிஸ், வீரமாமுனிவரின் சுவடிகள் ஊரூராய்ச் சிதறிக் கிடப்பதறிந்து, 1816-இல் முத்துசாமிப் பிள்ளை என்னும் அறிஞரை அவற்றைத் திரட்டி வர அனுப்பினார். எல்லிஸ் காலத்தில் வெளியிடப்பட்டதாகக் கருதப்படும் திருவள்ளுவர் பொற்காசில் குடையின்கீழ் அமர்ந்த துறவியின் உருவமே பொறிக்கப்பட்டுள்ளது. வள்ளுவரை எந்த மரபில் வைத்து அக்காலத்தார் கண்டனர் என்பதை நம் அன்பர்கள் அக்காசைப் பார்த்தே ஓர்ந்துகொள்ளலாம்.

புகழ்ந்ததோடு அமைதல் முறையன்று. வீரமாமுனிவர் தமிழகம் வந்தது தமிழ் கற்கவன்று. தம் சமயத்தைப் பரப்பவே வந்தார். கற்ற தமிழெல்லாம் அந்நோக்கத்திற்குக் கருவி என்றே அவர் எண்ணியிருப்பார். பிற சமயங்களை அவர் மறுத்த இடங்களில் மென்மை இல்லை. இந்நாட்டுச் சமயங்களை அவர் நோக்கில் அளந்தாரேயன்றி அவற்றின் உள்நின்று பார்த்தாரில்லை. பல்வேறு நோக்கில் உண்மை பலவாறு தோன்றும் என்னும் அநேகாந்த நெறியை வற்புறுத்தும் நமக்கு இது குறையாகவே படும். ஆனால் நாம் போற்றும் அதே நெறி மறுபக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. சிந்தாமணியை எடுத்தபோது அவர் அதனைச் சமணர் நூல் என்று தள்ளவில்லை. ஆசிரியர் எச்சமயத்தார் என்பது தெரிந்தே தலைமேற் கொண்டார். அதே நூற்றாண்டில் நம் நாட்டுப் புலவர் சிலர் அந்நூலைப் பிற சமய நூல் என்று தீண்டாதிருந்தனர். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் வீரமாமுனிவரிடம் நன்றி பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

அவருடைய பிற்கால வாழ்வைக் கதைகள் சூழ்ந்துகொண்டன. திருச்சிராப்பள்ளியைக் கைக்கொண்ட சந்தாசாகிபைக் காண, மூன்று மாதத்தில் பாரசீகமும் உருதும் கற்றுச் சென்றார் என்றும், மகிழ்ந்த சந்தாசாகிப் இஸ்மத் சன்னியாசி என்று பெயரிட்டு, நான்கு ஊர்களை அளித்துத் திவானாகவும் ஆக்கினார் என்றும் முத்துசாமிப் பிள்ளையின் வரலாறு கூறும். திவான் பதவியைப் பிற்கால ஆய்வாளர் ஏற்பதில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. கதை பொய்யாயினும் காலம் மெய். 1736-ஐ ஒட்டி நாயக்கர் அரசு வீழ்ந்தது. திண்டுக்கல் சமவெளியில், இன்று கொடைக்கானல் ரோடு என்னும் இரயில் நிலையம் உள்ள அம்மையநாயக்கனூரின் அருகே, சந்தாசாகிபின் படையும் வங்காரு திருமலையின் படையும் பொருதன. வங்காரு தோற்றுச் சிவகங்கைப் பக்கம் ஓடினார். சில ஆண்டுகளில் மராட்டியர் படை வந்து சந்தாசாகிபையும் சிறைகொண்டு போயிற்று. சுவடியும் எழுத்தாணியுமாய் வாழ்ந்தவர்க்கு அமைதியான இடம் நாட்டில் இல்லாமற் போயிற்று.

முதுமையில் தெற்கே கடற்கரைக்கும், பின்னர் மலையாள நாட்டு அம்பலக்காட்டிற்கும் சென்றார். அவ்வம்பலக்காடு நூலறிந்தோர்க்குத் தெரிந்த ஊரே. 1679-இல் புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சானது அங்கேதான். மணப்பாட்டில் 1742-இல் மறைந்தார் என்று பழைய நூல்கள் எழுதின. சபையின் ஏடுகளை ஆராய்ந்தோர் அவர் அம்பலக்காட்டில் 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் காலமானார் என்று உறுதி செய்துள்ளனர். அகவை அறுபத்தாறு, அதில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் கழிந்தவை.

முத்துசாமிப் பிள்ளை திரட்டிய செய்திகள் 1822-இல் அவருடைய வாழ்க்கை வரலாறாக வெளிவந்தன. செந்தமிழின் திறவுகோல் என்னும் பொருளுடைய தலைப்பில் அவர் எழுதிய மற்றோர் இலத்தீன் இலக்கணம் 1876-இல், பர்னல் என்பாரின் முயற்சியால், அதே தரங்கம்பாடியில் அச்சாயிற்று. 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பெற்றது. அவர் விரும்பிப் படித்த சிந்தாமணியோ அவர் மறைந்து நூறாண்டு கடந்தும் சுவடியாகவே இருந்தது. 1868-இல் பவர் என்னும் போதகர் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டார். 1880-இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, குடந்தைச் சமணர் இல்லங்களில் அமர்ந்து பொருள் கேட்டுத் தெளிந்த உ.வே. சாமிநாதையர், 1887-இல் 3145 பாடல்களையும் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்து வெளியிட்டார்.